மூன்று காலிலிருந்து ஒரு காலுக்கு

இந்த முறை ஒரு குச்சியின் வரலாற்றை எழுதலாம் என்று இருக்கிறேன். கேமராவுக்கு அடியில் திருகி நிறுத்தும் ஒற்றைக்கால் ஸ்டாண்ட். ஆங்கிலத்தில் மோனோபாட் என்கிறார்கள், பிரெஞ்சில் மோனோபோத். மடக்கினால் ஒரு முழ நீளம், இழுத்தால் நம் கண் உயரம், எடை அரைக் கிலோவுக்கு முன்பின். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கேமரா பழகிக்கொண்ட நம் வயதுக்காரர்கள் சிலர் கையில் இதைப் பார்த்திருப்பீர்கள். ஊன்றுகோல் என்று நினைத்து எழுந்து இடம் கொடுத்தவர்களும் உண்டு.

இந்தக் குச்சிக்கு என்ன பெரிய வரலாறு என்று கேட்கலாம். கேமராவுக்கு எத்தனை கால் தேவைப்பட்டது என்று ஆண்டுவாரியாகப் பார்த்துக்கொண்டு வந்தால், படத்தில் யார் இடம் பெற்றார்கள், யார் காணாமல் போனார்கள், யார் சுமை தூக்கினார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பிரெஞ்சில் மோனோபோத் என்றால் கேமராக் குச்சி மட்டுமல்ல, பழைய கதைகளில் வரும் ஒற்றைக்கால் மனிதனுக்கும் அதே பெயர்தான். அந்த மனிதர்கள் வாழ்ந்த தேசம் எது தெரியுமா? நம் இந்தியா! பாரசீக அரசவையில் மருத்துவராக இருந்த க்தேசியாஸ் என்ற கிரேக்கர் கி.மு. 5ஆம் நூற்றாண்டுக்காரர். இந்தியாவுக்கு வராமலே இந்தியாவைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். அவரை ஆதாரமாக வைத்து ரோமாபுரியின் பிளினியும் எழுதினார்: அங்கே ஒரு ஜாதி மனிதர்களுக்கு ஒரே கால், அதை வைத்தே அதிசயமாகத் தாவி ஓடுவார்கள், வெயில் அதிகமானால் மல்லாந்து படுத்து அந்தப் பாதத்தையே குடையாகப் பிடித்துக்கொள்வார்கள் என்று. சித்திரை வெயிலில் நமக்கும் அப்படி ஒரு பாதம் இருந்தால் தேவலைதான்!

சரி, கதைக்கு வருவோம்.

உலகம் அசையாமல் நிற்க வேண்டிய காலம்

பிரான்சில் நியெப்ஸ் என்பவர் 1826-27 வாக்கில் தம் வீட்டு ஜன்னலிலிருந்து எடுத்த படம்தான் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய கேமராப் படம். அதற்குக் குறைந்தது எட்டு மணி நேரம் ஒளி பட வேண்டியிருந்தது என்கிறார்கள். படத்தில் கட்டடங்களின் இருபுறமும் வெயில் விழுந்திருக்கிறது. காலை வெயிலும் மாலை வெயிலும் ஒரே படத்தில்! அத்தனை நேரமும் கேமரா ஆடாமல் இருந்தாக வேண்டும்.

அவருடைய கூட்டாளி தாகேர். 1838இல் பாரிஸ் நகரில் தம் ஜன்னலிலிருந்து பூல்வார் துய் தாம்ப்ல் என்ற தெருவைப் படமெடுத்தார். வண்டியும் குதிரையும் ஜனங்களுமாக நெரிசல் மிகுந்த தெரு. ஆனால் படத்தில் தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. ஒளி பட்ட அந்தச் சில நிமிடங்களில் நகர்ந்துகொண்டே இருந்தவர்கள் எவரும் தகட்டில் பதியவில்லை. ஓரமாக ஒரே ஒரு ஆள் மட்டும் பதிந்திருக்கிறார். ஒரு காலைத் தரையில் ஊன்றி, மறு காலைப் பெட்டிமேல் வைத்து, பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு நின்ற ஆள். போட்டோவில் விழுந்த முதல் மனிதர் என்று இவரைத்தான் சொல்கிறார்கள். பாலிஷ் போட்டவரும் மங்கலாகத் தெரிகிறார். இருவர் பெயரும் யாருக்கும் தெரியாது.

அடுத்த ஆண்டு, 1839 ஆகஸ்ட் 19ஆம் தேதி, இந்தக் கலையின் ரகசியத்தைப் பிரெஞ்சு அரசு உலகத்துக்கு வெளியிட்டது. அதற்கு ஈடாக அரசு தந்தது என்ன? பென்ஷன்! தாகேருக்கு ஆண்டுக்கு 6,000 பிராங்க், அதற்குள் இறந்துவிட்டிருந்த நியெப்ஸின் மகனுக்கு 4,000 பிராங்க். சொல்தாக்களின் பிராங்க் பென்ஷனைப் பார்த்து வளர்ந்த நம் புதுச்சேரிக்காரர்களுக்கு இது ரசிக்கும். போட்டோக் கலையே பென்ஷன் கணக்கில் வாங்கப்பட்டதுதான் ஐயா!

அக்காலத்தில் கேமரா என்றால் மரப்பெட்டி. அதற்கு மூன்று கால். பிரெஞ்சில் ட்ரேப்பியே, சுருக்கமாகப் பியே, அதாவது கால். மூன்று கால் ஏன் என்றால், மூன்று புள்ளிகள் எந்த மேடு பள்ளத்திலும் ஒருசேரத் தரையைத் தொடும். நாலு கால் நாற்காலி சமமில்லாத தரையில் ஆடும், முக்காலி ஆடாது. நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த சங்கதிதான்.

கேமராவுக்கு மட்டுமா கால்? ஸ்டுடியோவில் படத்துக்கு உட்காருகிற ஆளின் தலைக்குப் பின்னாலும் ஓர் இரும்புக் கவட்டையை நிறுத்தி, தலை ஆடாமல் பிடித்து வைத்தார்கள். பழைய படங்களில் எவரும் சிரிப்பதில்லையே என்று பேரப்பிள்ளைகள் கேட்டால் இதையும் சொல்லுங்கள். சிரிப்பை அவ்வளவு நேரம் பிடித்து வைக்க யாரால் முடியும்?

தஞ்சாவூர்க் கல்வெட்டும் மலையேறிய மூன்று கால்களும்

நம் பக்கத்துக்கு அந்த மூன்று கால்கள் வந்த கதை சுவையானது. லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ கேப்டனை 1856இல் சென்னை அரசாங்கம் தன் போட்டோகிராபராக நியமித்தது. 1857 கடைசியில் புறப்பட்டு ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ். ஒளி படும் நேரம் நிமிடக் கணக்கு. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாகத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே பட்டையாக ஆக்கினார். சுவர் ஓரமாக நகர நகர, ஒவ்வொரு முறையும் கேமரா அதே உயரத்தில், அதே தூரத்தில் நிற்க வேண்டும். இல்லையென்றால் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டாது. கை நடுங்காத மனிதனாலும் கையில் வைத்து அதைச் செய்திருக்க முடியாது.

ட்ரைப்பின் மதுரைப் படங்களையும் தஞ்சைப் படங்களையும் பாருங்கள். மண்டபம் இருக்கும், கோபுரம் இருக்கும், தெப்பக்குளம் இருக்கும். ஆட்கள் மட்டும் அபூர்வம். மதுரையில் ஜனம் இல்லாத கோயிலா! பாரிஸ் தெருவுக்கு நேர்ந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். கல் நின்றது, விழுந்தது. மனிதர்கள் நடந்தார்கள், விழவில்லை. நூறு வருடத்துக்கு முந்தைய படங்களைப் பார்த்துவிட்டு, அக்காலத்தில் ஊர் எவ்வளவு அமைதியாக இருந்தது என்று நம்மவர்கள் பெருமூச்சு விடுவதுண்டு. எல்லாம் அமைதியல்ல. பாதி ஷட்டரின் வேலை.

ட்ரைப்பின் வேலையை 1859இல் கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யன் நிறுத்திவிட்டார். போட்டோ எடுப்பது அரசாங்கத்துக்கு ஆடம்பரச் செலவு என்பது அவர் முடிவு. முப்பத்தைந்து வருஷம் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் என்ற முறையில், சிக்கன உத்தரவு எந்த மேஜையிலிருந்து எப்படி இறங்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த 19 அடிப் பட்டை இன்றைக்கும் பேசப்படுகிறது. மிச்சம் பிடித்த பணம் எங்கே போனதோ?

இதற்கிடையே 1851இல் கொலோடியன் முறை வந்தது. கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, அங்கேயே கழுவியாக வேண்டும். ஒளி படும் நேரம் சில விநாடிகளுக்கு இறங்கியது. ஆனால் கேமராவோடு கூடாரமும், ரசாயனப் புட்டிகளும், கண்ணாடிப் பெட்டிகளும், தண்ணீரும் கூடவே போக வேண்டும். 1861 ஜூலையில் ஓகுய்ஸ்த் பிஸோன் என்ற பிரெஞ்சுக்காரர் மோன் ப்ளான் சிகரத்தின் உச்சியில் ஏறிப் படமெடுத்தார். கூடப் போன சுமைகூலிகள் 25 பேர். உச்சியில் கிடைத்தவை மூன்றே தகடுகள். சாமுவேல் பர்ன் என்ற ஆங்கிலேயர் 1863இலிருந்து இமயமலையில் மூன்று பயணம் போனார். 1866இல் 18,600 அடி உயர மணிரங் கணவாயில் படமெடுத்தார். அவருக்கும் கூலிகள் டஜன் கணக்கில் தேவைப்பட்டார்கள்.

பர்ன் பெயரும் பிஸோன் பெயரும் புத்தகங்களில் இருக்கின்றன. அந்த மூன்று கால்களைத் தோளில் சுமந்து பனியில் ஏறியவர்களின் பெயர் எங்கே? அந்த மரக்கால்களுக்கு அடியில் இன்னும் எத்தனை ஜோடி மனிதக் கால்கள் இருந்தன என்று யாரும் எண்ணி வைக்கவில்லை.

கைக்கு வந்த கேமரா

1871இல் ரிச்சர்ட் மேடாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் ஜெலாட்டின் உலர் தகட்டுக்கு வழி காட்டினார். அடுத்த பத்து ஆண்டுக்குள் அது நன்றாகத் தேறி, ஒளி படும் நேரம் விநாடியின் பின்னத்துக்கு வந்துவிட்டது. 1888இல் கோடாக் பெட்டி கேமரா வந்தது. சுருள் பிலிம், கையில் பிடித்து அழுத்தினால் போதும். கேமராவின் கால்கள் கழன்றன. ஓடும் பிள்ளை, சிரிக்கும் பெண், குரைக்கும் நாய் எல்லாம் படத்துக்குள் வந்தன.

அடுத்த பெரிய படி லைக்கா. ஜெர்மனியில் லைட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக்குக்கு ஆஸ்துமா. கனத்த தகட்டுக் கேமராவையும் ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு குன்றேற முடியவில்லை. சினிமா பிலிமை வைத்துச் சட்டைப் பைக்குள் அடங்குகிற கேமரா ஒன்றைச் செய்து பார்த்தார். 1925இல் லைப்சிக் சந்தையில் அது விற்பனைக்கு வந்தது. ஒரு விநாடியில் 500இல் ஒரு பங்கு வரை ஷட்டர். மூச்சு வாங்குகிற ஒரு மனிதனின் தேவையிலிருந்து பிறந்த கேமரா அது. நம் வயதில் இதைப் படிக்கும்போது கொஞ்சம் தெம்பாகத்தான் இருக்கிறது.

அந்த லைக்காவைத் தம் கண் போல வைத்துக்கொண்டு உலகம் சுற்றியவர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸோன். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தார். அதே மாதம் நம் புதுச்சேரிக்கு வந்து ஸ்ரீ அரவிந்தரைப் படமெடுத்தார். அவர் அந்த டிசம்பரிலேயே மறைந்துவிட்டதால் அந்தப் படங்களுக்குத் தனி மதிப்பு வந்துவிட்டது.

ஆனால் நம்மூர் ஸ்டுடியோக்களில் கருப்புத் துணியும் மூன்று காலும் அவ்வளவு சீக்கிரம் போய்விடவில்லை. நான் பிரெஞ்சு மீடியத்தில் சின்ன வகுப்புப் படித்த காலத்தில், ஆண்டுக் கடைசியில் குரூப் போட்டோ எடுப்பார்கள். போட்டோக்காரர் துணிக்குள் தலையை விட்டு வெளியே வருவார். பக்கத்தில் நிற்கும் வாத்தியார் குரல் கொடுப்பார்: "நெ பூழே ப்ளுய்!" அசையாதே என்று அர்த்தம். நாற்பது பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். ஒரு வருஷம் இரண்டாம் வரிசையில் ஒரு பையன் தும்மிவிட்டான். படத்தில் அவனுக்கு முகமே இல்லை, ஒரு வெள்ளை மேகம்தான். அவன் அம்மா அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டி, "அந்த மேகம்தான் என் பிள்ளை" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

ஒற்றைக்கால் எதற்கு வந்தது?

கேமரா கைக்கு வந்துவிட்டதென்றால் குச்சி எதற்கு? தூரத்தைக் கிட்டே இழுக்கும் டெலி லென்ஸ் வந்ததுதான் காரணம். லென்ஸ் தூரத்துப் பறவையைப் பெரிதாக்குகிறது, கூடவே நம் கை நடுக்கத்தையும் பெரிதாக்குகிறது. பழைய போட்டோக்காரர்களிடம் இதற்கு ஒரு வாய்பாடு உண்டு. 200 மி.மீ. லென்ஸ் என்றால் விநாடியில் 200இல் ஒரு பங்குக்கு மெதுவாகக் கையில் வைத்து எடுக்காதே. 400 என்றால் 400இல் ஒரு பங்கு. காலை மசமசப்பில், கோயில் மண்டப இருட்டில் அந்த வேகம் கட்டுப்படியாகாது.

குச்சி என்ன செய்கிறது? மேலும் கீழுமாக ஆடுவதை அடியோடு நிறுத்துகிறது. முன்பின்னும் பக்கவாட்டிலும் சாய்வதை நிறுத்தாது, குறைக்கும். அதனால் 200இல் ஒரு பங்குக்குப் பதில் 50இல் ஒரு பங்கில் தைரியமாக எடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, லென்ஸின் பாரத்தைத் தரை வாங்கிக்கொள்கிறது. கிரிக்கெட் மைதான எல்லைக் கோட்டில் பத்திரிகைப் போட்டோகிராபர்கள் வரிசையாகக் குச்சி ஊன்றி உட்கார்ந்திருப்பதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். மூன்று கிலோ, நாலு கிலோ லென்ஸை நாள் முழுக்க யாரால் தூக்க முடியும்? பந்து போகும் பக்கம் உடனே திரும்பவும் வேண்டும். மூன்று கால் அங்கே ஒத்துவராது.

1995இல் கேனான் கம்பெனி, ஆட்டத்தைத் தானே சரிசெய்யும் லென்ஸை எஸ்.எல்.ஆர். கேமராவுக்குக் கொண்டுவந்தது. இப்போது செல்போனிலேயே அந்த வசதி இருக்கிறது. இனிக் குச்சி வேண்டாம் என்றார்கள். இயந்திரம் நடுக்கத்தைத்தான் சரிசெய்யும், பாரத்தைச் சுமக்காது. ஊசுடு ஏரிக்கரையில் நாரை எப்போது சிறகு விரிக்கும் என்று இருபது நிமிடம் கேமராவைக் கண்ணில் வைத்துக் காத்திருந்து பாருங்கள், எழுபது வயதுத் தோள் என்ன சொல்கிறது என்று தெரியும். நாரையும் ஒற்றைக்காலில்தான் காத்திருக்கிறது, நாமும் ஒற்றைக்காலில்.

சட்டம் எண்ணும் கால்

மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள பழஞ்சின்னங்களுக்கு 1959இல் விதிகள் வகுத்தார்கள். அதில் சினிமாப் படம் பிடிப்பதைப் பற்றி ஒரு விளக்கம் வருகிறது. 8 மி.மீ.க்கு மேற்படாத பிலிம் போடும், ஸ்டாண்ட் தேவைப்படாத, முன்னேற்பாடு எதுவும் வேண்டாத கைக்கேமரா ஒரு ரகம். ஸ்டாண்ட் தேவைப்படுவது வேறு ரகம், அதற்கு லைசென்ஸ் வேண்டும். எளிய மனிதனின் கேமராவுக்குக் கால் கிடையாது என்பது சட்டத்தின் கணக்கு. போட்டோவுக்கும் நடைமுறையில் அதே கண்தான். மூன்று காலை விரித்தால் அனுமதிக் கடிதம் கேட்பார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. நூறு பேர் நடக்கும் வழியில் மூன்று கால் விரிந்தால் முப்பது பேர் தடுக்கி விழுவார்கள்.

ஒற்றைக்கால் எந்த ரகம்? ஒரு முறை மாமல்லபுரத்தில், அர்ச்சுனன் தபசுச் சிற்பத்துக்கு எதிரே இந்தக் கேள்வி வந்தது. கிழக்குப் பார்த்த பாறை, காலை வெயிலுக்காகப் போயிருந்தேன். காவலர், சின்ன வயசுப் பையன், வந்து கேட்டார்.

"ஐயா, இது ஊன்றுகோலா, கேமரா ஸ்டாண்டா?"

"ரெண்டும்தான் தம்பி."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப ஊன்றி நடங்கய்யா. கேமராவை மட்டும் மேல மாட்டாதீங்க. மாட்டினீங்கன்னா மேலிடத்துல என்னைக் கேப்பாங்க."

எந்தக் கோப்பிலும் இதைவிடத் தெளிவான குறிப்பை நான் எழுதியதில்லை. குச்சியை மடக்கிவிட்டு, எதிர்ப்பக்கக் கட்டைச் சுவரில் முழங்கையை ஊன்றிப் படமெடுத்தேன். பாறையில் எலும்பும் தோலுமாக ஒரு தவசி, இரு கையையும் தலைக்கு மேல் தூக்கி, ஒற்றைக்காலில் நிற்கிறார். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேலாக ஆடவில்லை. அவருக்கு யாரும் லைசென்ஸ் கேட்கவில்லை.

வாங்குகிறவர்களுக்குச் சில வார்த்தை

கேமராவின் அடியில் இருக்கும் திருகுத் துளை கால் அங்குலம், அங்குலத்துக்கு இருபது மரை. இது வெகுகாலமாக மாறாத அளவு. ஆகவே எந்தக் கம்பெனிக் குச்சியும் எந்தக் கேமராவுக்கும் பொருந்தும். செல்போனுக்கும் கவ்வி மாட்டிப் பொருத்தலாம்.

நிற்கும்போது உங்கள் இரண்டு காலையும் சற்று அகட்டி வையுங்கள். குச்சியின் நுனி ஒரு சாண் முன்னால் இருக்கட்டும். கேமராவைக் கீழ்நோக்கி லேசாக அழுத்தி, முழங்கையை விலாவோடு சேர்த்து, மூச்சை வெளியே விட்டுப் பித்தானை அழுத்துங்கள். இப்போது எண்ணிப் பாருங்கள்: உங்கள் கால் இரண்டு, குச்சி ஒன்று. மூன்று கால் வந்துவிட்டது!

ஒன்று கவனம். இழுத்து நீட்டும் குச்சியின் பூட்டுகள் கேமராவின் பாரத்துக்குச் செய்தவை, உடம்பின் பாரத்துக்கு அல்ல. நடக்கவும் உதவ வேண்டுமென்றால் அதற்கென்றே செய்ததை வாங்குங்கள்.

காசு செலவழிக்க மனமில்லாதவர்களுக்கு ஒரு பழைய வித்தை. கால் அங்குலத் திருகாணி ஒன்றில் கண் உயரத்துக்குக் கயிறு கட்டிக் கேமராவில் திருகுங்கள். கயிற்றின் மறுமுனையைக் காலால் மிதித்துக்கொண்டு, கேமராவை மேல்நோக்கி இழுத்துப் பிடியுங்கள். கயிறு விறைத்தால் கேமரா மேலும் கீழும் ஆடாது. பைக்குள் சுருட்டி வைக்கும் ஒற்றைக்கால் அது. எந்தக் காவலரும் கேட்கமாட்டார்.

மூன்று கால் இருந்தவரை படமெடுப்பவர் உலகத்தைப் பார்த்து "அசையாதே" என்றார். அசைந்தவர்கள் மறைந்து போனார்கள். ஒற்றைக்கால் அந்த உத்தரவைத் திருப்பிப் போட்டுவிட்டது. அசையாமல் நிற்க வேண்டியது இப்போது நான்தான். வீராம்பட்டினத்தில் வலை இழுப்பவர் இழுக்கட்டும், மீன்காரம்மா பேரம் பேசட்டும், பிள்ளைகள் ஓடட்டும். குச்சியோடு ஓர் ஓரமாக நின்று எடுத்துக்கொள்ளலாம். எடுத்த பிறகு ஒரு வேலை மட்டும் பாக்கி: அவர்கள் பெயரைக் கேட்டுப் படத்தின் பின்னால் எழுதி வையுங்கள். அந்தப் பாரிஸ் பாலிஷ்காரருக்கும் பர்னின் கூலிகளுக்கும் யாரும் செய்யாத வேலை அது.